பதினெட்டுக் கூடைகள்

அத்தியாயம் ஒன்பது

எண்ணெய் நெற்றியில் வழிய வழியச் சந்திரமதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தலைக்கு வைக்கிறியா, காதுக்குள்ள ஊத்துறியா?"

"ஆடாம உக்காரு."

"நான் எங்க ஆடுறேன்? உன் கைதான் ஆடுது."

செல்லம் ஓர்ப்படியின் உச்சியில் எண்ணெயைத் தட்டினாள். கை நடுங்கியது உண்மைதான். எண்ணெய் வழுக்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாளாகவே தன் கைக்கும் குரலுக்கும் அவள் இப்படி ஏதாவது காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

முந்தாநாள் மாலை மூவார் பட்டணத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வேலைச் சீட்டுக் கிழிந்தவர்களில் செல்லத்தின் கொழுந்தனும் சந்திரமதியின் புருஷனுமான சபாபதியும் ஒருவன். ஆடி மாதம் மூவாருக்குப் போய், ஆற்றங்கரையில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்துகொண்டான். தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று சந்திரமதியிடம் சொல்லிவிட்டுப் போனவன். கடிதத்தை எழுதியது அவனில்லை. அவனோடு தங்கியிருந்த கனகராஜ் எழுதியிருந்தான். காய்ச்சல். ஐந்து நாள். வழிப்போக்கில் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. தகனக் காரியமும் முடிந்துவிட்டது.

அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் செல்லத்தின் கணவர் லெட்சுமணன் ஒருவர்தான். ரப்பர்ப் பால் கொட்டகையில் நிறுவை எழுதுகிறவர். கொல்லைப்புறத்தில் வாழைக்கு அடியில் நின்று, மனைவிக்கு மட்டும் கேட்கும்படி அதைப் படித்தார். பிறகு அவள் கெஞ்சியபடி, அதே காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் விரித்து வைத்துக்கொண்டு, தம்பி மனைவிக்கு வேறு மாதிரி படித்தார். லீவு கிடைக்கவில்லை, தைப்பூசத்துக்குக் கட்டாயம் வருகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று.

குரல் ஒரு இடத்திலும் இடறவில்லை. தன் புருஷனுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் படிக்க வரும் என்று செல்லம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அப்புறம் அந்தக் காகிதத்தை அவளே அடுப்பில் வைத்தாள்.

"ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாள். பூவும் பொட்டுமா இந்தத் தீபாவளிய அது பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் அழறதுக்குத்தான் ஆயுசு பூரா இருக்கே."

"இது தீட்டு வீடு, செல்லம். எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. நாலு வீட்டுக்குப் பலகாரம் குடுக்கக்கூடாது."

"பாவம் எனக்கு வரட்டும்."

லெட்சுமணன் அதற்கு மேல் பேசவில்லை. பதினோரு வருஷத்தில் அவருடைய மௌனங்களுக்கெல்லாம் அவளுக்கு அர்த்தம் தெரியும். அன்றைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

*

கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி முடிந்தது. செல்லம் தனக்கென்று எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைச் சந்திரமதிக்குக் கட்டிவிட்டாள். கொல்லைக் கொடியில் பூத்த மல்லிகையைத் தொடுத்துத் தலையில் வைத்தாள். பூவை வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை.

"என்னக்கா?"

"கொண்டை சரிஞ்சிருக்கு."

கூடத்தில், பாயின் மேல் பதினெட்டுக் கூடைகள் வரிசையாக இருந்தன.

மெங்குவாங் என்கிற காட்டுத் தாழை ஓலையில் முடைந்தவை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தால் அடங்கும் அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, விளிம்பில் சிவப்புச் சாயம் ஏற்றிய ஒரு வரி. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து மக் லீமாவிடம் மூன்று மாதமாகப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள் சந்திரமதி. புருஷன் இல்லாத சாயங்காலங்களை அவள் அப்படித்தான் கழித்தாள். ஓலையின் முள்ளைச் சீவி, அனலில் வாட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, கத்தி போல மெல்லிசாகக் கிழித்து. விரல் நுனியெல்லாம் கீறல். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மற்ற பதினேழு வீடு, கம்பத்தில் மக் லீமா வீடு ஒன்று. வீட்டுக்கு ஒரு கூடை என்பது அவள் கணக்கு.

"தட்டுல குடுத்தா தட்டைத் திருப்பிக் குடுப்பாங்க. இது அவங்களுக்கே அக்கா. நாளைக்கு வெத்தலை வச்சுக்கட்டும், ஊசி நூலு போட்டு வைக்கட்டும். எடுக்கறப்பல்லாம் சபாபதி பொஞ்சாதி குடுத்ததுன்னு நெனைப்பாங்கல்ல?"

ஒவ்வொரு கூடையிலும் இரண்டு அதிரசம், ஒரு முறுக்கு, ஒரு அச்சுமுறுக்கு, ஒரு நெய்யுருண்டை. வெல்லம் கிடைக்காமல் குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரை காய்ச்சி ஊற்றியதில் அதிரசம் கறுத்துப் பளபளத்தது.

அதிரச மாவு கடிதம் வருவதற்கு முந்தின நாளே பாகில் கலந்தது. கடிதத்துக்கு முந்தின மாவு, தீட்டுக்கு முந்தின மாவு. செல்லம் நேற்று முழுக்க அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் எரிந்தவன் எந்தத் தேதியில் எரிந்தான் என்று யோசித்தால் அந்தக் கணக்கும் நிற்கவில்லை. யோசிப்பதை விட்டுவிட்டாள்.

"முதல் கூடையை மாரியாயிக்குக் காட்டிட்டு எடுத்துக்கலாம்," என்றாள் சந்திரமதி. "கெளம்பு அக்கா, கோயிலுக்குப் போயிட்டு வந்து வீடுகளுக்குக் குடுக்கலாம்."

மனுஷர்களிடம் சொன்ன பொய் வேறு, தீட்டோடு ஆயி முன்னால் போய் நிற்பது வேறு என்று செல்லத்துக்குத் தோன்றியது.

"கோயிலுக்கு இன்னிக்கு வேணாம்."

"ஏன்?"

"எனக்குத் தூரம்."

சந்திரமதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தூரமா? இவ்வளவு நேரம் மாவு தட்டினே, நெய்யுருண்டை புடிச்சே. தூரமா இருந்துக்கிட்டா?"

"இப்பத்தான்."

"சரி, நீ இரு. நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

"நல்ல நாளு அதுவுமா என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

அப்படிக் கேட்டதும் சந்திரமதியின் முகம் இளகிவிட்டது. "அய்ய, இதுக்குப் போயி கண்ணைக் கசக்குற. மூணு நாளு கழிச்சு ரெண்டு பேரும் போலாம். ஆயி எங்க ஓடிப்போறா?"

செல்லம் அடுப்பங்கரைக்குள் போய், வேலை எதுவும் இல்லாமல், பானை மூடிகளை எடுத்து எடுத்து வைத்தாள்.

*

கருப்பாயி பக்கத்து வீட்டுக்காரி. லயத்திலேயே வாய் நீளம். போன வருஷம் சந்திரமதி கொடுத்த முறுக்கைக் கடித்துவிட்டு, "ஏன்டி, இதைச் சுட்டியா, செதுக்கினியா? இதைத் திங்கிற உன் புருஷன் மரப்பட்டறைக்குத்தான் லாயக்கு" என்று லயமே சிரிக்கச் சொன்னவள். மரப்பட்டறை அப்போது வெறும் வார்த்தை.

இன்றைக்குக் கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. சந்திரமதியின் தலையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்தே, கண்ணு கலங்குது?"

"அடுப்புப் புகைடி."

"தின்னு பாருங்க. இந்தத் தடவை கல்லு இல்லை."

"அப்புறமா திங்கிறேன். வயிறு நெறைஞ்சிருக்கு." பிறகு உள்ளே ஓடி, ஒரு தாம்பாளம் நிறையப் பலகாரம் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு வீட்டுக்குக் காணும்.

பின்னால் நின்ற செல்லம் கருப்பாயியின் அடுப்பை எட்டிப் பார்த்தாள். சாம்பல் ஆறிக் கிடந்தது.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும். எல்லோரும் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். கூடை அழகு என்றார்கள். ஒருத்தி சந்திரமதியின் கன்னத்தைத் தடவினாள். ஒருத்தி எதுவும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். ஆண்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். சந்திரமதியின் முந்தானை தாங்காத அளவுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து குவிந்தது.

மக் லீமா வீட்டுக்குச் செல்லம் போகவில்லை. சந்திரமதி ஓடிப்போய்விட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"அலமாக்! மக் லீமா என்ன பண்ணாங்க தெரியுமா? நான் நிக்கிறப்பவே மூடியத் திறந்து ரெண்டு அதிரசத்தையும் தின்னுட்டு, ருசியா இருக்குன்னு செடாப், செடாப்னு சொல்லி விரலைச் சூப்புறாங்க. முடைச்சல்ல ஒரு எடத்துல தப்புன்னு குட்டும் வச்சாங்க." தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு மெல்ல நின்றது.

"அக்கா, நம்ம லயத்துல யாருமே எம்முன்னால திங்கலை."

"நல்ல நாளு. எல்லாருக்கும் வயிறு நெறைஞ்சிருக்கும்."

"கருப்பாயி அத்தை என் முறுக்கைக் குறை சொல்லலை."

செல்லம் முறத்தை எடுத்துப் பலகாரங்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். பிரிக்கப் பிரிக்கக் குறையவில்லை. வாங்கிய கையோடு இவ்வளவு கொடுத்தால் அது எந்த வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு, மற்ற வீடுகள் சேர்ந்து கொடுப்பது அது.

அவள் கணவரைத் தேடினாள். லெட்சுமணன் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றார்.

*

உச்சிப் பொழுது தாண்டியதும் சந்திரமதி எண்ணெய்ச் சட்டியையும் சாரணிக் கரண்டிகளையும் தூக்கிக்கொண்டு சுங்கைக் கரைக்குப் போனாள். லயத்துக்குப் பின்னால் இறக்கத்தில் ஓடும் சிற்றாறு அது. துணி துவைப்பதும் பாத்திரம் விளக்குவதும் அங்கேதான்.

அவள் தலை மறைந்ததும் செல்லம் கருப்பாயி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அத்தே, உங்களுக்குத் தெரியுமா?"

கருப்பாயி மறைக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"யார் சொன்னது?"

"உன் புருஷன்தான். நேத்துக் காலையில பால் கொட்டகைக்குப் போற வழியில வீடு வீடா வந்துட்டுப் போச்சு. 'செல்லம் ஆசைப்படுது, நான் தடுக்கலை. ஆனா தீட்டுப் பலகாரத்தைத் தெரியாம உங்க வாயில வைக்க எனக்கு மனசு வரலை. வாங்கிக்கங்க, திங்காதீங்க. புள்ள மனசு நோகாம வாங்கிக்கங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சும்மா."

செல்லம் அப்படியே நின்றாள். கோபம் வரவில்லை. அவர் செய்தது தப்பு என்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் ஒருத்திக்காகப் பார்த்தாள், அவர் பதினேழு வீட்டுக்காகப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"குடுத்ததை என்ன பண்ணீங்க?"

"குப்பையில போட யாருக்குடி மனசு வரும்? அத்தனை அழகாப் பின்னியிருக்கு. கோழிக்குப் போட்டா புள்ள கண்ணுல படும். அதான் எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி, மேல பாலத்துக்கிட்ட கொண்டுபோயி, கூடையோட ஒவ்வொண்ணா தண்ணியில விட்டாச்சு. தண்ணிக்குக் குடுத்தா தோஷமில்லை."

"எப்ப?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

மேல் பாலத்துத் தண்ணீர் எங்கே போகும் என்று லயத்துப் பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும், இந்த நேரத்தில் யார் பாத்திரம் விளக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள்.

செல்லம் ஓடினாள்.

*

நேற்றைய மழையில் சுங்கை கலங்கி ஓடியது. துறைக்குச் சற்றுக் கீழே ஒரு மரம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அதன் கிளைகளில் கூடைகள் வந்து தங்கியிருந்தன. சில மூடியோடு. சில கவிழ்ந்து. சிவப்பு வரி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. ஊறிப் பிரிந்த அதிரசத்தை மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன.

முழங்கால் தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டிருந்தாள் சந்திரமதி. கத்தரிப்பூச் சேலை தொடைவரை நனைந்திருந்தது.

செல்லத்தைப் பார்த்ததும் அவள் உதடு கோணியது.

"எல்லாரும் தூக்கிப் போட்டுட்டாங்க அக்கா."

செல்லம் கரையில் நின்றாள்.

"நான் என்ன பண்ணேன் இவங்களுக்கு? புடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? சிரிச்சு சிரிச்சு வாங்கினாங்களே. கட்டிப் புடிச்சாங்களே."

இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாக்கு தவறி விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். செல்லத்தின் நாக்கு எழவில்லை.

சந்திரமதி ஒரு கூடையின் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே முறுக்கு உடையாமல், கடிபடாமல், நனைந்து இருந்தது. இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் அப்படியே.

"ஒருத்தர்கூட ஒரு வாய் தின்னு பார்க்கலை," என்றாள். குரலில் அழுகை போய், ஏதோ யோசனை வந்திருந்தது. "தின்னுட்டுப் புடிக்காமப் போடலை. திங்கவே இல்லை."

மூடியை மறுபடி மூடினாள்.

"கோழிக்குப் போடலை. மாட்டுக்கு வைக்கலை. தண்ணியில விட்டிருக்காங்க."

ஒரு மீன்கொத்தி தாழப் பறந்து போனது. சந்திரமதி அதைப் பார்த்தாள், அல்லது அந்தத் திசையைப் பார்த்தாள். செல்லம் அந்தக் கணத்தைத் தள்ளிவிட முடியுமா என்று மனசுக்குள் தவித்தாள். ஒரு மாட்டு வண்டியை வெறுங்கையால் நிறுத்தப் பார்ப்பது போல இருந்தது.

"மக் லீமாவுக்கு மட்டும் யாரும் சொல்லலை," என்றாள் சந்திரமதி. பிறகு, "அக்கா, உனக்குத் தூரம் இல்லையில்ல?"

"இல்லை."

"கோயிலுக்குத்தான் போகக்கூடாது."

செல்லம் தலையை ஆட்டினாள்.

"யாரு அக்கா? உங்கம்மா வீட்லயா?"

செல்லத்தின் தலை இல்லை என்று அசைந்தது.

"ஊர்ல மாமாவோட பங்காளிங்க யாராச்சுமா?"

கேள்வியைக் கேட்டுக்கொண்டே அவள் கை கழுத்துக்குப் போய்விட்டது. காலையில் மஞ்சள் தேய்த்த தாலிக் கயிறு. அதைப் பிடித்துக்கொண்ட பிறகு அவள் வேறு பேர் கேட்கவில்லை. மூவார் என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை.

இடுப்பில் இருந்த கூடைகள் ஒவ்வொன்றாக நழுவி மறுபடியும் தண்ணீரில் விழுந்தன.

"காலையில எனக்கு எண்ணெய் வச்சப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பூ வச்சப்ப?"

"ஒரு நாளாச்சும் நீ..." செல்லத்தால் முடிக்க முடியவில்லை. "ஒரு நாளுக்காகத்தான்டி."

"நான் கேட்டேனா?" சந்திரமதி கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "அவரு போயிட்டாரு, நான் வீடு வீடாப் பல்லைக் காட்டிக்கிட்டு முறுக்கு குடுத்தேன். மக் லீமாகூட விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நான் எங்க கொண்டுபோயி வைக்க? நீ குடுத்தியே ஒரு நாளு, அதைத் திருப்பிக் குடுக்கவாச்சும் முடியுமா?"

செல்லம் ஆற்றில் இறங்கி அவள் கையைப் பிடித்தாள். சந்திரமதி உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

*

வீட்டு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். கருப்பாயி சொல்லியிருக்க வேண்டும். லெட்சுமணன் எழுந்து வந்து தூணோரம் நின்றார். அண்ணனுக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. எது கேட்க வேண்டுமென்றாலும் செல்லத்தின் வழியாகத்தான். வாழ வந்த இரண்டு வருஷத்தில் சந்திரமதி அவர் முகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

இன்று ஈரச் சேலையோடு நேராகப் போய் அவர் எதிரில் நின்றாள்.

"மாமா, கடிதாசுல என்ன எழுதியிருந்துச்சு?"

லெட்சுமணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "காய்ச்சலும்மா. அஞ்சு நாளு. கனகராஜ்தான் எழுதியிருந்தான். எல்லாம் முடிச்சிட்டாங்களாம்."

"லீவு கெடைக்கலேன்னு எழுதியிருக்குன்னு படிச்சீங்க."

"அது... இவ சொன்னான்னு..."

"தைப்பூசத்துக்கு வர்றேன்னு படிச்சீங்க. உடம்பைப் பார்த்துக்கன்னு படிச்சீங்க. நான் அதை ரெண்டு நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன் மாமா." நின்று மூச்சு வாங்கினாள். "எனக்கு ஒரு மாதிரி படிச்சீங்க. அக்காவுக்கு ஒரு மாதிரி படிச்சீங்க. காயிதம் ஒண்ணுதானே?"

அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. பாலோ டவுன்ல யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேக்குறேன்."

"இல்லம்மா," என்றாள் செல்லம். "நான் அடுப்புல வச்சுட்டேன்."

சந்திரமதி திரும்பி அவளைப் பார்த்தாள். செல்லம் எதிர்பார்த்தது ஆத்திரத்தை. அங்கே இருந்தது வேறு. இருட்டறையில் எங்கிருந்தோ ஒரு கீற்று வெளிச்சம் வந்து விழுந்தவள் மாதிரி அவள் கண் அகன்றது. அதைப் பார்த்ததும்தான் செல்லத்துக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"புள்ள, உக்காருடி. அழுதுடு," என்று கருப்பாயி கிட்டே வந்தாள். அவள் கை பூவை எடுக்கத் தலைப்பக்கம் போனது.

சந்திரமதி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க அத்தே."

"ஏன்டி..."

"ரெண்டு நாளா எல்லாரும் சிரிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னீங்க. இப்ப அழுதுகிட்டு ஒண்ணு சொல்றீங்க. அழுதா மட்டும் நெசமாயிடுமா? எரிச்சதைப் பார்த்தவங்க மூவாருல இருக்காங்க. அவங்க வாயால நான் கேக்கணும். அதுவரைக்கும் என் பூவை யாரும் தொடக்கூடாது."

உள்ளே போனாள். வேறு சேலை மாற்றிக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்தாள். பொட்டு அப்படியே இருந்தது. பூ வாடித் தொங்கியது.

"தீட்டு வீட்டுப் பொம்பளை இப்படிப் படி தாண்டக்கூடாதும்மா," என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

லெட்சுமணன் மனைவியைப் பார்த்தார். நீ சொல், நீ சொன்னால் கேட்பாள் என்றது அந்தப் பார்வை. செல்லத்துக்கு எந்த வழக்கத்தைச் சொல்லி அவளை நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அவளே உடைத்திருந்தாள்.

சந்திரமதி படியிறங்கிச் செம்மண் பாதையில் நடந்தாள். இரண்டு மைல் நடந்தால் பாலோ. அங்கே ரயிலேறிச் சிகாமட்டில் இறங்கினால் மூவாருக்குப் பஸ் உண்டு. அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் கனகராஜ். அவன் முகம்கூடத் தெரியாது.

நடையில் தளர்ச்சி இல்லை. அதுதான் செல்லத்தை வதைத்தது. சாவுச் செய்தி கேட்டவள் நடக்கிற நடை இல்லை அது. யாரையோ அழைத்து வரப் போகிறவளின் நடை. ஒரு நாளைக் கொடுக்கப் போய், செல்லம் அவளுக்குக் கொடுத்தது இந்த நம்பிக்கையைத்தான். மூவாரில் அது உடையும்போது பக்கத்தில் பிடிக்க யார் இருப்பார்கள்?

அதைவிடக் கொடுமை, அந்த நம்பிக்கை செல்லத்தின் நெஞ்சிலும் ஒரு நூல் அளவுக்கு ஒட்டிக்கொண்டதுதான். காகிதத்தில் இருந்தது என்ன என்று அவளுக்கும் கண்ணால் தெரியாதே. அவள் கேட்டது ஒரு குரலை. அன்று ராத்திரிப் பொய்யும் அதே குரலில்தான் வந்தது.

"ஏங்க," என்றாள் கணவரைப் பார்க்காமல். "எனக்குப் படிச்சது நெசந்தானே?"

லெட்சுமணன் அவளை வெறித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் இனி அவள் அதை எடை போட்டுப் பார்க்கத்தான் செய்வாள் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

செல்லம் முந்தானையை இழுத்துச் செருகினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே மூட்டையின் வெள்ளை தூரத்தில் தெரிந்தது. அவள் ஓடவில்லை. வேகமாக நடந்து, பத்தடி இடைவெளி வந்ததும் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

காலடிச் சத்தம் கேட்டிருக்கும். சந்திரமதி திரும்பிப் பார்க்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.